பஞ்சு ஏன் பக்கவாட்டுல பறக்குது?

திண்டுக்கல்ல இருந்து வேடசந்தூர் பக்கம் போனா வரிசையா ஸ்பின்னிங் மில்தான். உள்ளே ரிங் ஃப்ரேமுக்கு மேல தண்டவாளத்துல ஓவர்ஹெட் கிளீனர் ஓடிட்டே இருக்கும். அதுல தொங்குற குழாய்கள்ல சிலது மெஷின்மேல காத்தை ஊதும், சிலது தரைப் பஞ்சை உறிஞ்சும்.

ஊதுறதுதான் இன்னைக்கு மேட்டர். துளையை விட்டு வந்த காத்து, சும்மா நிக்கிற காத்தையும் சேர்த்து இழுத்துக்கிட்டு கூம்பா விரியும். உள்ளே வேகம் நிலையா இருக்காது. வட்டத் துளையிலிருந்து நல்லா தள்ளி, நடு அச்சுல அளந்தா, ஓட்டத் திசையில ஏற்ற இறக்கம் சராசரி வேகத்துல 25 சதவீதத்துக்கு மேல. பக்கவாட்டுல 20க்குக் கொஞ்சம் மேல. இப்படி திசைக்குத் திசை மாறுறதுதான் அனைசோட்ரோபி.

சிமுலேஷன் ஆட்கள் அதிகமா ஓட்டுற கே-எப்சிலான் மாடல், எல்லாத் திசை ஆட்டத்தையும் ஒரே ஆற்றல் எண்ணா சுருக்கிடும். கோடு வேகமா ஓடும், சந்தோஷம்தான்! ஆனா வட்ட ஜெட் விரியிற விகிதத்தை அளந்தா 0.1க்குக் கீழ, மாடல் சொல்றது சுமார் 0.12. திசை மட்டுமே காரணம் இல்ல. சுழல்கள் இழுபட்டு நீள்றது கணக்குல வரலைன்னு 1978ல ஸ்டீஃபன் போப் விளக்கி, திருத்தமும் கொடுத்தார்.

மில்லுல இது மூச்சு சம்பந்தப்பட்ட விஷயம். அந்தப் பக்கவாட்டு ஆட்டம் நுண்தூசியை ஜெட்டுக்கு வெளியே, ஆட்கள் நிக்கிற இடத்துக்குத் தள்ளும். பருத்தித் தூசியை வருஷக்கணக்கா சுவாசிச்சா பிஸ்ஸினோசிஸ் வரலாம். லீவு முடிஞ்சு ஷிஃப்ட்டுக்குத் திரும்புற அன்னைக்கு நெஞ்சு இறுக்கிப் பிடிக்கும்.

அதனால கம்ப்ரஸர் ஹோஸால ஊதித் தள்றதைவிட உறிஞ்சுறதே மேல். ஆனா உறிஞ்சுற வாய்க்குக் காத்து எல்லாப் பக்கமிருந்தும் வரும், ஜெட் மாதிரி தூரம் எட்டாது. பஞ்சுக்கு ரொம்பப் பக்கத்துல கொண்டு போகணும்.