ஆலை மாறும்போதும் வேலை நிற்கலாகாது

(தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலேசியத் தர ரப்பர்த் திட்டம் 1965ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அதன்பின், புகைக்கூடத்தில் பல நாள் தொங்கிய ரப்பர், சிறு துணுக்குகளாக்கப்பட்டுச் சூடான காற்றில் சில மணி நேரத்தில் உலர்ந்து கட்டிகளாக வெளிவரலாயிற்று. இன்று உலர்கலத்தின் சூட்டைக் காப்பதையும் கட்டிகளை நிறுப்பதையும் தானியங்கிக் கருவிகளே செய்ய இயலும்.

இத்தகைய கருவிகளைப் பொருத்தும்போது எழும் முதல் வினா, “ஆலை எத்தனை நாள் நிற்கும்?” என்பதாகும். துணியாலை நின்றால் நூல் கெடுவதில்லை. ரப்பர்ப் பாலோ சில மணி நேரத்தில் உறையத் தொடங்கும். அமோனியா சேர்த்தால் சிறிது தாங்கும். அதற்கும் தொட்டி வேண்டும். பாலைப் பெற ஆலை இல்லையேல் மரம் வெட்டுவதும் நிற்கும், வருமானமும் குறையும்.

ஆகவே ஆலை நிற்கும் காலம் குறுகவேண்டுமாயின், ஆயத்தக் காலம் நீளவேண்டும். அடித்தளம், மின்கம்பி, குழாய் ஆகியவற்றைப் பழைய இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அமைத்துவிடலாம். புதிய கட்டுப்பாட்டுப் பெட்டியை வெளியிலேயே இயக்கிச் சோதித்துவிடலாம். இறுதி இணைப்பு ஒன்றுக்கு மட்டுமே ஆலையை நிறுத்தவேண்டும்.

அந்த நாளையும் ஆய்ந்து தேர்ந்தெடுத்தல் நலம். மரங்கள் இலையுதிர்த்துப் பால் குறையும் பருவமே அதற்கு ஏற்றது. கட்டிப்பால் சில வாரம் காத்திருக்கும். நீர்ப்பாலை மட்டும் அண்டை ஆலைக்கு அனுப்ப முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளலாம். பல உலர்கலங்கள் உள்ள ஆலையில் ஒவ்வொன்றாக மாற்றினால், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். புதியது செவ்வனே இயங்கும்வரை பழையதைக் கழற்றி எறியலாகாது. இத்தனை மணிக்குள் சீராகாவிடில் பழைய முறைக்கே திரும்புவது என்பதையும் முன்னரே முடிவு செய்தல் வேண்டும்.

நேரத்தை மிச்சப்படுத்த எண்ணி உயிரைப் பணயம் வைத்தல் கூடாது. இயந்திரத்தில் கைவைக்குமுன் மின்விசையை நிறுத்திப் பூட்டுப் போடவேண்டும். உள்ளே வேலை செய்பவரே சாவியை வைத்துக்கொள்ள வேண்டும். பதறிய காரியம் சிதறும் என்பது நம் முன்னோர் வாக்கு.

இப்பணியில் தொழிலாளர்க்கும் பங்குண்டு. எந்த வால்வு அடைத்துக்கொள்ளும், எந்த வார் நழுவும் என்பது வரைபடத்தில் இராது. பல்லாண்டு உழைத்தவரின் நினைவில்தான் இருக்கும். அதனைப் பொறியியலாளரிடம் முன்னரே கூறுதல் வேண்டும். புதிய கருவியை இயக்கும் பயிற்சியும், அது பொருத்தப்படுமுன்பே கிடைக்கவேண்டும்.

உங்கள் ஆலையில் மாற்றம் வருவதாகச் செய்தி கிட்டினால், மூன்று வினாக்களைத் தொழிற்சங்கத்தின் வாயிலாகக் கேளுங்கள்: ஆலை எந்நாள் நிற்கும்? அந்நாள்களில் பாலும் கூலியும் என்னவாகும்? யார் யாருக்குப் பயிற்சி அளிக்கப்படும்? இவற்றுக்குத் தெளிந்த விடை கூறும் திட்டமே நல்ல திட்டமாகும்.