அந்த பிட்சரை ஏன் எடுத்தாங்க? மூணு மேட்ச், ஒரே சண்டை

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு பேஸ்பால். பதறாதீங்க, கிரிக்கெட் தெரிஞ்சா போதும், மிச்சத்தை நான் சொல்லிடறேன். டீம் தோத்த ராத்திரி "அவனை ஏன்டா எடுத்தாங்க, இவனை ஏன் போட்டாங்க"ன்னு யார்கிட்டயாவது கத்தியிருக்கீங்கன்னா, இந்த எபிசோட் உங்களுக்குத்தான்.

முதல்ல மூணு விஷயம் மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. ஒண்ணு, பேஸ்பால்ல ஒன்பது பேட்டர்கள், வரிசை மாறாம சுத்தி சுத்தி வருவாங்க. அவுட் ஆனா கதை முடிஞ்சதுன்னு இல்ல, ஒரு சுத்து முடிஞ்சதும் அதே ஆள் அதே பிட்சர் முன்னாடி திரும்ப வந்து நிப்பார். ரெண்டு, பந்து வீசுற பிட்சரை மாத்தி உட்கார வெச்சுட்டா, அன்னைக்கு அவருக்கு அவ்வளவுதான். நம்ம பவுலர் மாதிரி ரெண்டாவது ஸ்பெல் எல்லாம் கிடையாது. மூணு, இந்த முடிவை எடுக்கிறது களத்துல இருக்கிற கேப்டன் இல்ல. வெளியே உட்கார்ந்திருக்கிற மேனேஜர். அதனால திட்டு விழறதும் அவருக்குத்தான்.

இப்ப கதைக்கு வருவோம்.

2020 அக்டோபர் 27: 73 பந்து

டெக்சஸ் மாநிலம், ஆர்லிங்டன். வேர்ல்ட் சீரிஸ், அதாவது ஃபைனல். ஏழு மேட்ச் தொடர்ல ஆறாவது மேட்ச். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 3-2ன்னு முன்னாடி இருக்காங்க. டாம்பா பே ரேஸ் தோத்தா தொடர் முடிஞ்சது. ரேஸ் சின்ன பட்ஜெட் டீம். டாட்ஜர்ஸ் நேர் எதிர், பணக்கார டீம்.

ரேஸ் சார்பா பந்து வீசினவர் பிளேக் ஸ்னெல். 2018ல அமெரிக்கன் லீகோட சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினவர். அன்னைக்கு அவர் வேற லெவல்ல இருந்தார். ஆறாவது இன்னிங்ஸ்ல ஒரு அவுட் வரைக்கும் 73 பந்துதான் வீசியிருந்தார். கொடுத்தது ரெண்டே ஹிட். ஒன்பது ஸ்ட்ரைக் அவுட், ஒரு வாக் கூட இல்ல. டாட்ஜர்ஸ் வரிசையோட முதல் மூணு பேர் மூக்கி பெட்ஸ், கோரி சீகர், ஜஸ்டின் டர்னர். மூணு பேரும் ஆளுக்கு ரெண்டு தடவை வந்து, ரெண்டு தடவையும் ஸ்ட்ரைக் அவுட் ஆகிப் போயிருந்தாங்க. ஸ்கோர் 1-0, ரேஸ் முன்னிலை.

அந்த ஆறாவது இன்னிங்ஸ்ல ஆஸ்டின் பார்ன்ஸ் ஒரு சிங்கிள் அடிச்சார். ஸ்னெல் சந்திச்ச 18வது பேட்டர் அவர். அடுத்து பெட்ஸ், மூணாவது தடவையா வரணும். அப்ப மேனேஜர் கெவின் கேஷ் நடந்து வந்து பந்தை வாங்கிக்கிட்டார். ஸ்னெல் முகத்துல இருந்த எரிச்சல் டிவியில பார்த்த எல்லாருக்கும் தெரிஞ்சது.

உள்ளே வந்தவர் நிக் ஆண்டர்சன். பெட்ஸ் டபுள் அடிச்சார். ஒரு பந்து கேட்சர் கையை விட்டுப் போச்சு, பார்ன்ஸ் ஓடி வந்து ரன் எடுத்தார், 1-1. சீகர் முதல் பேஸ் பக்கம் தரையோட ஒண்ணு தட்டினார், அதுல பெட்ஸ் வீடு வந்து சேர்ந்தார், 2-1. எட்டாவது இன்னிங்ஸ்ல பெட்ஸ் ஒரு ஹோம் ரன்னும் அடிச்சார். 3-1. டாட்ஜர்ஸுக்கு 1988க்கு அப்புறம் முதல் கோப்பை.

அன்னைக்கு ஆரம்பிச்ச சண்டை இன்னும் ஓயல.

ரெண்டு கட்சி

ஒரு கட்சி சொல்றது: "கம்ப்யூட்டர் வெச்சு மேட்ச் ஆடினா இப்படித்தான். கண்ணு இருக்குல்ல, பார்க்க வேண்டியதுதானே? நல்லா வீசுற ஆளை யாராவது எடுப்பாங்களா?"

இன்னொரு கட்சி சொல்றது: "ஒரு பேட்டர் அதே பிட்சரை மூணாவது தடவை பார்க்கும்போது நல்லா அடிக்கிறார். பல வருஷ டேட்டா இது. சீசன் முழுக்க ரேஸ் இதை வெச்சுத்தான் ஜெயிச்சாங்க. ஒரு நாள் தோத்ததுக்காக கொள்கையையே தப்புன்னு சொல்லக் கூடாது."

கேஷும் மேட்ச் முடிஞ்சு இதையேதான் சொன்னார். பெட்ஸும் சீகரும் ஸ்னெல்லை மூணாவது தடவை பார்க்க வேண்டாம்னு நினைச்சாராம்.

ரெண்டாவது கட்சிக்கு ஆதரவா ஒரு சம்பவம் இருக்கு. பத்து நாள் முன்னாடி, அக்டோபர் 17. அமெரிக்கன் லீக் ஃபைனல், ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கு எதிரா ஏழாவது மேட்ச். அன்னைக்கு ரேஸுக்கு வீசினவர் சார்லி மார்ட்டன். ரன்னே கொடுக்காம பிரமாதமா போயிட்டிருந்தார். ஆறாவது இன்னிங்ஸ், 66 பந்து, ரெண்டு பேர் பேஸ்ல. கேஷ் நடந்து வந்து அவரை எடுத்தார். உள்ளே வந்தது யாரு? அதே நிக் ஆண்டர்சன். அன்னைக்கு அந்த இன்னிங்ஸை அவர் முடிச்சுக் கொடுத்தார். ரேஸ் 4-2ல ஜெயிச்சு வேர்ல்ட் சீரிஸ் போனாங்க.

அதே மேனேஜர், அதே ஆறாவது இன்னிங்ஸ், உள்ளே வந்ததும் அதே ஆள். ஜெயிச்சா "என்ன துணிச்சல்", தோத்தா "என்ன முட்டாள்தனம்". நாம முடிவை மார்க் போடல, ஸ்கோர்போர்டைப் பார்த்து மார்க் போடறோம்.

இதோட நிறுத்தினா ரெண்டாவது கட்சி ஜெயிச்சதா ஆகிடும். நான் அங்க நிறுத்தப் போறதில்ல.

யாருக்குப் பதிலா யாரு?

"ஸ்னெல் மூணாவது சுத்துல சுமாரா ஆவாரா?" இது பாதிக் கேள்விதான். முழுக் கேள்வி, "மூணாவது சுத்து ஸ்னெல்லா, இல்ல இன்னைக்கு இருக்கிற ஆண்டர்சனா, யாரு மேல்?"

ஆண்டர்சன் சாதாரண ஆள் இல்ல. அந்த சீசன்ல அவரோட ஈ.ஆர்.ஏ. 0.55. அதாவது ஒன்பது இன்னிங்ஸ் வீசினா சராசரியா விட்டுக்கொடுக்கிறது அரை ரன்தான். ஆனா கோவிட் காரணமா அது 60 மேட்ச் சீசன், அவர் வீசினதே பதினாறு இன்னிங்ஸ் சொச்சம். பிளேஆஃப்ல நிலைமை வேற. இந்த மேட்சுக்கு முன்னாடி தொடர்ந்து ஆறு தடவை வந்து, ஆறு தடவையும் குறைஞ்சது ஒரு ரன் கொடுத்திருந்தார். மார்ட்டனுக்குப் பதிலா வந்த அந்த மேட்சும் அதுல அடக்கம், பின்னாடி எட்டாவது இன்னிங்ஸ்ல ரன் போச்சு. கை களைச்சுப் போயிருந்த மாதிரிதான் தெரிஞ்சது.

அப்புறம் பெட்ஸ். அந்த வருஷம் அவர் இடக்கை பிட்சர்கள்கிட்ட தடுமாறினார், வலக்கை பிட்சர்களை நல்லா அடிச்சார். ஸ்னெல் இடக்கை. ஆண்டர்சன் வலக்கை.

இது எல்லாமே நம்பர்தான் மக்களே. "கண்ணா, டேட்டாவா"ன்னு போட்ட சண்டையே தப்பான சண்டை. கேஷ் டேட்டாவைக் கேட்டதுல பிரச்சினை இல்ல. எல்லா பிட்சருக்கும் பொதுவான ஒரு சராசரியைக் கேட்டார், அன்னைக்கு ராத்திரி கையில இருந்த ரெண்டு ஆளைப் பத்தின டேட்டாவுக்கு அந்த அளவு வெயிட் கொடுக்கல.

இன்னொரு விஷயம். மூணாவது சுத்துன்னா திடீர்னு பள்ளத்துல விழற மாதிரின்னு ரொம்ப நாளா பேசிட்டிருந்தாங்க. 2023ல வெளியான ஒரு புள்ளியியல் ஆய்வு, அப்படி ஒரு திடீர் பள்ளம் இருக்கிறதுக்கு பெருசா ஆதாரம் இல்லைன்னு சொல்லுது. மேட்ச் போகப் போக பிட்சர் கொஞ்சம் கொஞ்சமா இறங்கறார், அவ்வளவுதான். அப்படின்னா 18வது பேட்டருக்கும் 19வது பேட்டருக்கும் நடுவுல கோடு போட காரணமே இல்ல.

ரேஸ் பக்கம் ஒரு நியாயமும் சொல்லணும். 2020ல ஸ்னெல் ஒரு மேட்ச்ல கூட முழுசா ஆறு இன்னிங்ஸ் வீசினதில்ல. ஆறாவது இன்னிங்ஸ் தாண்டி அவர் எப்படி இருப்பார்னு அந்த வருஷம் பார்த்தவங்களே கிடையாது. அவரை அப்படி வீச விட்டதும் இல்லைங்கிறது வேற விஷயம்.

2003 அக்டோபர் 16: நேர் எதிர் கதை

"நல்லா வீசுற ஆளை எடுக்கவே கூடாது"ன்னு சொல்ற முதல் கட்சிக்கு இந்தக் கதை.

யாங்கீ ஸ்டேடியம், நியூயார்க். பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கும் யாங்கீஸுக்கும் லீக் ஃபைனல், ஏழாவது மேட்ச். ரெட் சாக்ஸ் 1918க்கு அப்புறம் வேர்ல்ட் சீரிஸ் ஜெயிக்கல. 85 வருஷ ஏக்கம். எட்டாவது இன்னிங்ஸ், 5-2ன்னு முன்னிலை. அஞ்சே அவுட் எடுத்தா போதும்ங்கிற இடத்துக்கு வந்துட்டாங்க.

பந்து பெட்ரோ மார்ட்டினெஸ் கையில. மூணு சை யங் வாங்கினவர். ஏழாவது இன்னிங்ஸ் முடியும்போது 100 பந்து. வானத்தைக் காட்டிட்டு வந்தார், டீம்ல கட்டிப்பிடிச்சாங்க. அவர் வேலை முடிஞ்சதுன்னு பார்த்தவங்க நினைச்சாங்க. ஆனா எட்டாவதுக்கும் அவரே வந்தார்.

டெரெக் ஜீட்டர் டபுள். பெர்னி வில்லியம்ஸ் சிங்கிள், 5-3. மேனேஜர் கிரேடி லிட்டில் நடந்து போனார், "முடியுமா?"ன்னு கேட்டார். பெட்ரோ முடியும்னார். லிட்டில் திரும்பி வந்துட்டார். அப்புறம் மட்சுய் டபுள். பொசாடா டபுள். 5-5. அதுக்கு அப்புறம்தான் பெட்ரோவை எடுத்தார், மொத்தம் 123 பந்து. 11வது இன்னிங்ஸ்ல ஆரன் பூன் ஹோம் ரன் அடிச்சு முடிச்சு வெச்சார்.

லிட்டில் கண்ணை நம்பினார், மனுஷனை நம்பினார், ஜாம்பவானை நம்பினார். முதல் கட்சி கேக்கிறது அத்தனையும் செஞ்சார். மாசம் முடியறதுக்குள்ள வேலை போச்சு. அடுத்த வருஷம் டெர்ரி ஃபிராங்கோனா மேனேஜர், ரெட் சாக்ஸ் கோப்பையும் ஜெயிச்சாங்க.

நம்ம கேள்வியை இங்க கேளுங்க. யாருக்குப் பதிலா யாரு? 100 பந்துக்கு மேல பெட்ரோவோட பலம் நல்லாவே குறையும்னு அந்த டீமுக்கே தெரியும். வெளியே ஆலன் எம்ப்ரீ, மைக் டிம்லின் தயாரா இருந்தாங்க. அந்தத் தொடர் முழுக்க ரெண்டு பேரும் ரன் கொடுக்கல. களைச்ச ஜாம்பவானா, ஃபிரெஷ்ஷா இருக்கிற எம்ப்ரீயா? ரிசல்ட் தெரியாம கேட்டாலும் பதில் எம்ப்ரீதான்.

லிட்டில் மாத்தாம விட்டார், கேஷ் மாத்தினார், ரெண்டும் எதிர் எதிர் முடிவு. ஆனா ஓட்டை ஒண்ணுதான்: பெயருக்கோ விதிக்கோ மரியாதை கொடுத்தாங்க, அந்த நிமிஷம் கையில இருந்த ரெண்டு சாய்ஸை பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கல.

2023: எல்லாருக்கும் கோபம், ஆனா எதுக்கு?

மூணாவது மேட்ச், சுருக்கமா. 2023 அக்டோபர் 4, மினியாபோலிஸ். டொராண்டோ ப்ளூ ஜேஸ் பிட்சர் ஹோசே பெரியோஸ். மூணு இன்னிங்ஸ், ரன் இல்ல, அருமையா வீசினார். நாலாவது தொடக்கத்துல ஒரு வாக் கொடுத்தார். 47 பந்துல மேனேஜர் ஜான் ஷ்னைடர் அவரை எடுத்துட்டு இடக்கை பிட்சர் யூசேய் கிகுச்சியைக் கொண்டு வந்தார். ஏன்னா மினசோட்டா லைன்அப்ல இடக்கை பேட்டர்கள் ஜாஸ்தி, இடக்கை பிட்சரைப் பார்த்தா அவங்க வரிசையைக் கலைக்க வேண்டி வரும். இது மேட்சுக்கு முன்னாடியே போட்ட திட்டம். ரெண்டு ரன் போச்சு. 2-0, டொராண்டோ வெளியே.

வீரர்களே வெளிப்படையா அதிருப்தி சொன்னாங்க. இது ஆபீஸ் ரூம்ல எடுத்த முடிவுன்னு ரசிகர்கள் கொந்தளிச்சாங்க. ஜெனரல் மேனேஜர் ராஸ் அட்கின்ஸ் வந்து, அது ஷ்னைடர் எடுத்த முடிவுன்னு சொன்னார். எரியற நெருப்புல எண்ணெய்.

எனக்கும் அந்த முடிவு பிடிக்கல. அவ்வளவு சீக்கிரம் எடுக்க அன்னைக்கு அவசியமே வரல. ஆனா ஒண்ணு பாருங்க. ரெண்டு மேட்ச், 18 இன்னிங்ஸ்ல டொராண்டோ பேட்டர்கள் எடுத்தது மொத்தமே ஒரு ரன். பெரியோஸ் ஒன்பது இன்னிங்ஸ் முட்டை போட்டிருந்தாலும், பூஜ்யம் ரன்னை வெச்சு யாரும் ஜெயிக்க முடியாது. சீசனுக்கு முன்னாடி போட்ட ரோஸ்டர், யாரை எங்க ஆட விட்டாங்க, இதைத்தான் அதிகம் பேசியிருக்கணும். அது மாசக்கணக்குல எடுத்த நூறு சின்ன முடிவு, கேமராவுல மாட்டாது. மேனேஜர் நடந்து வந்து பந்தை வாங்கறது மாட்டும். அதனால கோபம் அங்க போய் நிக்குது.

சரி, நமக்கென்ன?

ரசிகர் சண்டை போடக் கூடாதுன்னு சொல்ல வரல. அது இல்லாம என்ன ஸ்போர்ட்ஸ்? ஆனா இதுல மனுஷங்க வேலை போகுது. லிட்டிலுக்குப் போச்சு. கேஷுக்கு ரெண்டு வாரத்துல சிறந்த மேனேஜர் விருது வந்தது, ஏன்னா ஓட்டு பிளேஆஃபுக்கு முன்னாடியே போட்டாச்சு. ஓட்டு பின்னாடி போட்டிருந்தா கிடைச்சிருக்குமான்னு யோசிங்க.

நாம பார்க்கிற சாஃப்ட்வேர் வேலையிலயும் இதே கதைதான். ரிலீஸ் சொதப்பினா முதல் கேள்வி "யார் அப்ரூவ் பண்ணினது?" அந்த நேரத்துல வேற என்ன வழி இருந்தது, அப்ப என்ன தெரிஞ்சிருந்ததுன்னு கேக்க ஆள் இருக்காது. அதைவிட ஆபத்து, குருட்டு அதிர்ஷ்டத்துல ஓடின ரிலீஸை யாருமே திரும்பிப் பார்க்க மாட்டாங்க.

அதனால அடுத்த சண்டைக்கு மூணு கேள்வி. எடுத்தவருக்குப் பதிலா வந்தவர், அன்னைக்கு, உண்மையிலேயே மேலா? அந்த நிமிஷம் மேனேஜருக்கு என்னென்ன தெரியும்? இதே முடிவு ஜெயிச்சிருந்தா நாம என்ன சொல்லியிருப்போம்?

கடைசியா ஸ்னெல். 2020 டிசம்பர்லயே ரேஸ் அவரை சான் டியாகோவுக்கு அனுப்பிட்டாங்க. 2023ல ரெண்டாவது சை யங் வாங்கினார். இப்ப இருக்கிறது டாட்ஜர்ஸ்ல, அதே பெட்ஸோட. 2025 அக்டோபர்ல மில்வாக்கிக்கு எதிரா 8 இன்னிங்ஸ், 1 ஹிட், 10 ஸ்ட்ரைக் அவுட். உடனே பழைய ரேஸ் ரசிகர்கள், "பாத்தீங்களா, அன்னைக்கே விட்டிருந்தா!" இல்ல மக்களே, அஞ்சு வருஷம் கழிச்சு வந்த ஒரு மேட்ச் அன்னைக்கு ராத்திரியைப் பத்தி எதையும் நிரூபிக்காது. ஆனா அந்த மேட்ச்லயும் 103 பந்துல ஸ்னெல்லை எடுத்தாங்க, ஒன்பதாவது இன்னிங்ஸ்ல மேட்ச் கிட்டத்தட்ட கை நழுவிப் போய் 2-1ல தப்பிச்சாங்க. அந்த முடிவு சரியா தப்பா? ஜெயிச்சதால யாரும் பெருசா கேக்கல. நீங்க கேளுங்க, வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.