தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீரா?



சில ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் இறைத்தவுடன் தெளிவாக இருக்கும். குடத்தில் பிடித்து வைத்தால் சற்று நேரத்தில் செம்பழுப்பாகிவிடும். மறுநாள் காலையில் குடத்தின் அடியில் வண்டல் தங்கியிருக்கும்.

காரணம், இரும்பு. பூமிக்கு அடியில் காற்று குறைவு. அங்கே இரும்பு தண்ணீரில் கரைந்தே கிடக்கிறது. வெளியே வந்து காற்றுப் பட்டதும் துருவாகிப் படிகிறது. ஈரமான அரிவாள்மனை துருப்பிடிக்கிறதே, அது போலத்தான்.

இந்தத் தண்ணீரில் தேநீர் கறுக்கும். வெள்ளை வேட்டியில் கறை ஏறும். ஆனாலும் காற்றுப் படவிட்டு, தெளியவைத்து, மணலில் வடிகட்டினால் இரும்பு பெருமளவு நீங்கிவிடும். இரும்பு தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

சில ஊர்த் தண்ணீரில் கரைந்திருக்கும் ஃபுளூரைடு அப்படியில்லை. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. சுவையிலும் தெரியாது. அளவு மீறினால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் பட்ட பாடு இது. அதனால்தான் ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீர் அந்த ஊர்களுக்குக் கொண்டுவரப்பட்டது.

கொதிக்க வைத்தால் போய்விடுமா? போகாது. கிருமிதான் சாகும். ஃபுளூரைடு அப்படியே இருக்கும். தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

ஆகவே, தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் அல்ல. சோதித்துப் பார்த்த தண்ணீரே நல்ல தண்ணீர். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் தண்ணீரைச் சோதிக்கிறார்கள். உங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஒருமுறை அங்கே கொடுத்துப் பாருங்கள். பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர், நேயர்களே.