ஆறு சனிக்கிழமை: ஆம்பூர் ஏழாம் வகுப்புக்கு டிசைன் சைக்கிள் சொல்லிக்கொடுக்கப் போன கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

நான் ஆம்பூர் பொண்ணு. வேலூர்ல இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். ஆம்பூர்னு சொன்னதும் பாதிப் பேருக்கு பிரியாணி ஞாபகம் வந்திருக்கும். மீதிப் பேருக்கு ஷூ. ரெண்டுமே சரிதான். இன்னைக்கு நான் பேசப்போறது ஷூ பக்கம்.

எங்க காலேஜ்ல ஒரு புராஜெக்ட் குடுத்தாங்க. ஏதாவது ஒரு ஸ்கூலுக்குப் போய், உங்களைவிடச் சின்னவங்களுக்கு ஒரு விஷயத்தை ஆறு வாரத்துல சொல்லிக்கொடுக்கணும். நான் எடுத்துக்கிட்டது டிசைன் சைக்கிள், அதாவது வடிவமைப்புச் சுழற்சி. ஆம்பூர்ல ஒரு ஸ்கூல், ஏழாம் வகுப்பு, 24 பசங்க, சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம்.

தெரியாதவங்களுக்காக ஒரு நிமிஷம். ஒரு பொருளை உருவாக்கும்போது எடுத்ததும் செய்ய ஆரம்பிக்காம, முதல்ல யாருக்கு என்ன கஷ்டம்னு பார்க்கிறது, அப்புறம் யோசிக்கிறது, மாதிரி செய்றது, கொடுத்துப் பார்க்கிறது, தப்பைக் கண்டுபிடிச்சு திரும்ப முதல்ல இருந்து வர்றது. இதுதான் அந்தச் சுழற்சி. ஐ.பி. பாடத்திட்டத்துல இதை நாலு கட்டமா சொல்றாங்க, ஸ்டான்ஃபோர்டு டி.ஸ்கூல்ல அஞ்சு கட்டமா சொல்றாங்க. நம்ம ஊர் அரசுப் பள்ளிகள்லயும் பள்ளி புத்தாக்க மேம்பாட்டுத் திட்டம்னு ஒண்ணு இதே பாணியில நடந்திருக்கு. ஆக, விஷயம் புதுசு இல்ல. பசங்ககிட்ட அதை எப்படிக் கொண்டுபோறதுன்றதுலதான் நான் மாட்டிக்கிட்டேன்.

முதல் பிளான்

என் பிளான் பேப்பர்ல ரொம்ப அழகா இருந்துச்சு. முதல் வாரம் வட்டப்படம். ரெண்டாவது வாரம் பிரச்சினை. மூணாவது ஐடியா. நாலாவது மாடல். அஞ்சாவது சோதனை. ஆறாவது கண்காட்சி. எக்செல் ஷீட்ல கலர் எல்லாம் அடிச்சு வெச்சிருந்தேன்.

முதல் வாரம் போர்டுல வட்டம் போட்டு, "இதுதான் டிசைன் சைக்கிள்"னு சொன்னேன். கடைசி பெஞ்ச்ல ஒரு பையன், "கியர் சைக்கிளாக்கா?"ன்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

ரெண்டாவது வாரம், "உங்க ஊர்ல என்ன பிரச்சினை இருக்கு? எழுதுங்க"ன்னு சொன்னேன். ஆறு குரூப். நாலு குரூப் "பாலாறு மாசு"ன்னு எழுதினாங்க. ரெண்டு குரூப் "பிளாஸ்டிக்". பாலாறு மாசு உண்மையான பிரச்சினைதான். தோல் கழிவுநீரைப் பத்தி வேலூர்ல இருந்து போன வழக்குல 1996லயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்திருக்கு. ஆனா ஏழாவது படிக்கிற நாலு பேர் ஒன்றரை மணி நேரத்துல அதுக்கு என்ன பண்ண முடியும்? ஆத்தைச் சுத்தம் பண்ற ரோபோ வரைஞ்சாங்க. சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, ஜிகினா. டீச்சர் கை தட்டினாங்க.

எனக்கு மட்டும் வயித்தைப் பிசைஞ்சுது. ஏன்னா அந்த ரோபோவை யாருகிட்ட கொடுத்து சோதிக்கிறது? சோதனை இல்லன்னா தப்பு தெரியாது. தப்பு தெரியலன்னா திரும்பி வர வேண்டியதில்ல. அப்போ அது சுழற்சியே கிடையாது. நேரா கண்காட்சிக்குப் போற ஒரு கோடு, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம் புரியறதுக்கு ரெண்டு நாள் ஆச்சு. "முதல்ல ஆளைப் பாரு, கேளு, அப்புறம் செய்"னு சொல்லிக்கொடுக்கப் போன நான், அந்தப் பசங்களைப் பார்க்கவே இல்ல. அவங்க வீட்ல என்ன நடக்குது, எவ்வளவு நேரம் ஒரு இடத்துல உட்காருவாங்க, எந்த வார்த்தை அவங்களுக்குப் புரியும்? எதுவும் தெரியாம காலேஜ் ஹாஸ்டல்ல உட்கார்ந்து பிளான் போட்டிருக்கேன்.

ஒரு செருப்பு சொன்ன கதை

அந்த வாரம் வீட்டுக்கு வந்திருந்தப்போ எங்க தெருவுல இருக்கிற ஒரு தாத்தாவைப் பார்த்தேன். தொழுநோய் வந்து குணமானவர். அவர் எப்பவும் ஒரே மாதிரி செருப்புதான் போடுவார். தடிமனா, உள்பக்கம் மெத்துன்னு இருக்கும். எம்.சி.ஆர். செருப்பு. மைக்ரோசெல்லுலர் ரப்பர். தொழுநோயால கால் மரத்துப்போனவங்களுக்கு இன்னைக்கும் அரசுத் திட்டத்துல கொடுக்கிறாங்க. அது எங்கிருந்து வந்துச்சுன்னு தேடினா, கதை வேலூர்ல இருக்கு. பக்கத்துல கரிகிரியில இருக்கு.

டாக்டர் பால் பிராண்ட். 1914ல கொல்லிமலையில பிறந்தவர். 1946ல வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை சிகிச்சை நிபுணரா வந்தார். தொழுநோயாளிகளோட விரலும் பாதமும் நோயால அழுகி விழுதுன்னுதான் அப்போ பரவலா நம்பினாங்க. ஒருநாள் துருப்பிடிச்ச ஒரு பூட்டை அவரால திறக்க முடியல. நோயாளியா இருந்த ஒரு சின்னப் பையன் வந்து சாவியைத் திருகித் திறந்துட்டான். இவ்வளவு பலமான்னு ஆச்சரியப்பட்டு பார்த்தா, பையன் விரல் கிழிஞ்சு ரத்தம் சொட்டுது. அவனுக்கு அது தெரியவே இல்ல.

அங்கதான் கேள்வி மாறுது. "சதை ஏன் அழுகுது?"ன்னு இல்ல, "இவங்களுக்கு வலி தெரியலன்னா தினமும் என்னென்ன நடக்குது?" நோய் நரம்பைத் தாக்குறதால உணர்ச்சி போயிடுது. அதனால காயம் ஆகுறது தெரியாம நடந்துக்கிட்டே இருக்காங்க. சிலருக்கு ராத்திரியில விரல் காணாமப் போச்சு. முழிச்சிருந்து கவனிச்சப்போ, எலி கடிச்சிருக்கு. தீர்வு என்ன தெரியுமா? பூனை. நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தாங்க.

பாதத்துக்கு, ஒரே இடத்துல அழுத்தம் விழாம பரவலாக்குற செருப்பு வேணும். பல பொருள்ல செஞ்சு பார்த்து, தப்பாகி, கடைசியில இந்த மெத்து ரப்பருக்கு வந்தாங்க. இதுல எனக்குப் பிடிச்ச இடம் சோதனை. சாதாரணமா செருப்பைக் கொடுத்துட்டு "கடிக்குதா?"ன்னு கேட்போம். இங்க கேட்டா பதில் வராது. போட்டிருக்கிறவருக்கே தெரியாது. நடந்து முடிச்சதும் பாதத்துல எங்க சிவந்திருக்கு, எங்க சூடா இருக்குன்னு பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும்.

கேட்டா கிடைக்காத பதில் பார்த்தா கிடைக்கும். என் ரெண்டாவது பிளான் இங்கிருந்துதான் வந்துச்சு.

ரெண்டாவது பிளான்

மீதி இருந்தது நாலு வாரம். மூணு மாற்றம் பண்ணேன்.

ஒண்ணு, மூணாவது வாரம் ஒன்றரை மணி நேரத்துக்குள்ள முழுச் சுழற்சியையும் ஒருதடவை ஓட்டினோம். ஜோடி ஜோடியா உட்கார வெச்சு, பக்கத்துல இருக்கிறவங்களுக்கு ஒரு பேனா பவுச் செய்யணும்னு சொன்னேன். டி.ஸ்கூல்ல பர்ஸ் செய்ற பயிற்சி ஒண்ணு இருக்கு, அதைக் கொஞ்சம் மாத்திக்கிட்டேன். எங்க ஊர்ல தோல் துண்டுக்குப் பஞ்சமா? ஒரு பை நிறைய கிடைச்சுது. செஞ்சு கொடுத்தாங்க, பேனா கீழ விழுந்துச்சு, திட்டு வாங்கினாங்க, திரும்பச் செஞ்சாங்க. வட்டத்தை நான் வரையவே இல்ல. அவங்க அதைச் சுத்தி வந்துட்டாங்க.

ரெண்டு, வார்த்தை. 2009ல அகமதாபாத்ல கிரண் பிர் சேத்தி ஆரம்பிச்ச 'டிசைன் ஃபார் சேஞ்ச்'ல நாலே நாலு எளிமையான சொல்தான். உணர், கற்பனை செய், செய், பகிர். நாங்க எங்களுக்குன்னு வெச்சுக்கிட்டது: பாரு, கேளு, செய், கொடுத்துப் பாரு, திரும்பி வா.

மூணு, பிரச்சினையைத் தேர்ந்தெடுக்க ஒரு விதி. வீட்டுல இருந்து நடந்து போற தூரத்துல இருக்கிற ஒரே ஒரு ஆள். அவங்க செய்ற ஒரே ஒரு வேலை. இருபது நிமிஷம் வாயைத் திறக்காம பார்க்கணும். அப்புறம்தான் கேள்வி.

வாசல்ல உட்கார்ந்த அம்மி

ஒரு பொண்ணு தன் அம்மியைப் பார்த்துட்டு வந்தா. எங்க பக்கம் உருது பேசுற வீடுகள்ல அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவாங்க. அவங்க வீட்ல இருந்தே ஷூ அப்பர் தைக்கிறாங்க. கம்பெனிக்காக ஏஜென்ட் கொண்டுவந்து போடுவார், கையால தைக்கணும், ஜோடிக்கு இவ்வளவுன்னு காசு. ஆம்பூர் பக்கம் நிறைய வீடுகள்ல நடக்கிற வேலை.

போகும்போது அந்த குரூப் "விரல் வலிக்கும், அதுக்கு உறை செய்யலாம்"னு முடிவே பண்ணிட்டுப் போனாங்க. இருபது நிமிஷம் பார்த்துட்டு வந்து வேற சொன்னாங்க. "அம்மி வாசப்படியிலதான் உக்கார்றாங்கக்கா. ஷூவை மூக்குகிட்ட தூக்கி வெச்சுத் தைக்கிறாங்க. அதான் கழுத்து வலி." ஏன் வாசப்படி? உள்ள வெளிச்சம் இல்ல. கறுப்புத் தோல்ல கறுப்பு நூல், கண்ணுக்குத் தெரியல.

இதைக் கேட்டதும் நான் ஒரு நிமிஷம் பேசல. எங்க அம்மாவும் அப்படித்தான் தைச்சாங்க. பத்து வருஷம் அதே மாதிரி ஒரு வாசப்படியில அம்மா பக்கத்துல உட்கார்ந்துதான் நான் ஹோம்வொர்க் பண்ணேன். காத்துக்காக உட்கார்றாங்கன்னு நினைச்சிருந்தேன். ஒருதடவைகூடக் கேட்டதில்ல.

பசங்க அட்டையில ஒரு ஸ்டாண்ட் செஞ்சு, பவர் பேங்க்ல சொருகுற குட்டி எல்.ஈ.டி. லைட்டை மாட்டினாங்க. முதல் தடவை வலது பக்கம் வெச்சாங்க. கை நிழல் தையல் மேலயே விழுந்துச்சு. ரெண்டாவது தடவை முன்னாடி வெச்சாங்க. தோல் பளபளன்னு கண்ணைக் கூசுச்சு. மூணாவது தடவை இடது பக்கம், தாழ்வா, பேப்பர் மூடி போட்டு. அது சரியா வந்துச்சு. கூட ஒரு பையன், மடியில ஒரு வெள்ளைத் துணி விரிச்சா கறுப்பு நல்லாத் தெரியும்னு சொன்னான். செலவே இல்லாத ஐடியா. அம்மி அதைத்தான் முதல்ல ஏத்துக்கிட்டாங்க.

கடைசி சனிக்கிழமை. கண்காட்சிக்கு சார்ட் எழுதிட்டு இருக்கோம். அந்தப் பொண்ணு என் பக்கத்துல வந்து மெதுவா சொன்னா. "அக்கா, முன்னாடி இருட்டினதும் அம்மி வேலையை நிறுத்திடுவாங்க. இப்போ நைட்டு பத்து மணி வரைக்கும் தைக்கிறாங்க."

என்கிட்ட பதில் இல்ல. லைட் நல்லா வேலை செஞ்சுது. அதுதான் சிக்கலே. குரூப்ல ஒருத்தன், "லைட்டைத் திரும்ப வாங்கிடலாமா?"ன்னான். இன்னொருத்தி, "அதை அம்மிதானே சொல்லணும்?"னா. சரின்னு போய்க் கேட்டுட்டு வந்தாங்க. லைட் இருக்கட்டும்னு அம்மி சொல்லியிருக்காங்க. பகல்ல சமையலை அவசரமில்லாம முடிக்க முடியுதாம். கழுத்து வலியும் கொஞ்சம் கம்மியாம். ஆனா ஜோடிக்குக் காசு அதேதான்னாங்களாம்.

சார்ட்ல கடைசிக் கட்டத்துக்கு நான் ஏற்கெனவே "முடிவு"ன்னு தலைப்பு அச்சடிச்சு வெச்சிருந்தேன். பசங்க அதை அடிச்சுட்டு "அடுத்த கேள்வி"ன்னு எழுதினாங்க. கீழ: "ஒரு ஜோடி தைக்க எவ்வளவு நேரம் ஆகுது? ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு காசு?" பன்னிரண்டு வயசுப் பசங்க. கடிகாரம் வெச்சு அளக்கப் போறாங்களாம்.

நீங்க பண்ணப் போறீங்கன்னா

இதைக் கேக்குற யாராவது இந்த மாதிரி புராஜெக்ட் போடப்போறீங்கன்னா, என் தப்புல இருந்து நாலு விஷயம்.

ஆறு வாரத்துக்கு ஒரு சுற்று வைக்காதீங்க. குறைஞ்சது ரெண்டு சுற்று வைங்க, முதல் சுற்று ஒரே நாள்ல முடியணும். பிரச்சினையை ஊர் அளவுக்குப் பெருசா எடுக்க விடாதீங்க, ஒரு ஆள் அளவுக்குச் சுருக்குங்க. கேக்குறதுக்கு முன்னாடி பார்க்க வைங்க. கொடுத்த பிறகு ஒரு வாரம் கழிச்சுத் திரும்பப் போய்ப் பார்க்க நேரம் ஒதுக்குங்க. நான் அதுக்கு நேரம் வைக்கல. அந்தப் பொண்ணு தானா வந்து சொல்லலன்னா, "லைட் சூப்பர்"னு எழுதி மார்க் வாங்கிட்டு வந்திருப்பேன்.

அடுத்த மாசம் நான் திரும்பப் போறேன். மார்க்குக்கு இல்ல, அது முடிஞ்சுபோச்சு. பசங்க அளந்து வெச்சிருக்கிற கணக்கைப் பார்க்கணும். எங்க அம்மாவையும் கூட்டிட்டுப் போறேன். ஒரு ஜோடிக்கு எவ்வளவு நேரம்னு அவங்களைவிட யாருக்குத் தெரியும்?