தரங்கம்பாடியின் புதிய எருசலேம் ஆலயம்

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், லிங்கி, பஹாவ் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தலைமுறைகளில் பலர், சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர்கள். அந்த நாகப்பட்டினத்திலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வடக்கே, காரைக்காலைக் கடந்து போனால் வருவது தரங்கம்பாடி. தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருடன் 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டி வாணிகம் நடத்திய இவ்வூரில், மார்ட்டின் லூதரின் சீர்திருத்த மரபைப் பின்பற்றும் லுத்தரன் சபையின் ஆலயம் ஒன்று 1718 முதல் நிற்கிறது.

ஊரின் மேற்கெல்லையில் 1792இல் கட்டப்பட்ட வெண்ணிற வாயிலுக்குள் நுழைந்தால், அரச வீதி எனப்படும் நேர்த்தெரு கடலை நோக்கிச் செல்ல, அதன் ஓரத்திலேயே ஆலயம் தென்படும். முகப்பின் உச்சியில், டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக்கின் பெயரெழுத்துகளைப் பின்னிய முத்திரையும் அதன் மேல் மகுடமும் சுதைவேலையாக அமைந்துள்ளன. கோயிலின் நெற்றியில் அரசனின் இலச்சினை இருப்பது, இங்கு நடந்த கிறிஸ்தவ ஊழியத்துக்கு யாருடைய பணம் வந்தது என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறது. உள்ளே தரையமைப்பு சிலுவை வடிவானது. பலிபீடத்தருகே, 1706 ஜூலையில் இக்கரையில் இறங்கிய ஜெர்மானியப் போதகர் பர்த்தலோமேயு சீகன்பால்கின் கல்லறை உள்ளது. ஆலயப் பிரதிஷ்டை நடந்த சில மாதங்களில், 1719இல், முப்பத்தாறாம் வயதில் அவர் இறந்தார்.

சீகன்பால்கு முதலில் 1707இல் ஒரு சிற்றாலயத்தை எழுப்பினார்; இது அதையடுத்து எழுந்த இரண்டாம் ஆலயம். இடைப்பட்ட ஆண்டுகளில், ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் இங்கு வந்துசேர, அச்சுக்கூடம் இயங்கி, தமிழ்ப் புதிய ஏற்பாடும் வெளியாயிற்று. எழுத்து வார்ப்பும் காகித உற்பத்தியும் அருகிலுள்ள பொறையாறில் தொடங்கப்பட்டன. தமிழ் வாசகனுக்கு மகுட முத்திரையைவிடப் பொறையாறே பெரிய செய்தி.

ஆனால் ஆலயத்தைப் பெருமையாக மட்டும் காண்பது அரைகுறைப் பார்வை. வழிபாட்டின்போது வேளாளர் முதலியோர் பாயிலும், ஒடுக்கப்பட்ட சாதியார் சற்றே விலகி வெறுந்தரையிலும் அமர்ந்தனர். வேளாளரான ஆரோன் 1733இல் குருப்பட்டம் பெற்று முதல் தமிழ் லுத்தரன் போதகரானார். உழைப்பிலும் ஊக்கத்திலும் குறைவில்லாத உபதேசியார் இராசநாயக்கனுக்கோ, அவர் பிறந்த சாதியைக் காரணம் காட்டிச் சபையார் எதிர்த்தமையால், அப்பட்டம் கிட்டவில்லை. பிற்காலத்தில் தோட்டத்து லயங்களுக்கும் சாதி கூடவே வந்ததை அறிந்தோருக்கு இது புதிராக இராது.

வட அமெரிக்காவில் முன்னோடிக் குடியேறிகளின் மர ஆலயங்களைப் பெயர்த்தெடுத்து, பழைய பள்ளி, கொல்லன் பட்டறை முதலியவற்றோடு ஒரே வளாகத்தில் காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகக் கிராமங்கள் உண்டு. தரங்கம்பாடியில் பெயர்ப்பு ஏதுமில்லை. கோட்டையில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமும், சீகன்பால்கு வாழ்ந்த வீட்டில் மற்றொன்றும் இருக்க, ஆலயம் மட்டும் காட்சிப்பொருளாகாமல் தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் கீழ் வழிபாட்டில் தொடர்கிறது. 2004 சுனாமியில் அடிபட்ட ஊரில், அதன் பிறகு பழைய கட்டடங்கள் பலவும் சீரமைக்கப்பட்டன. தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியானதும் அங்கிருந்த கோயிலும் சிற்றாலயமும் இடம்பெயர்வதைப் பார்த்துப் பழகிய மலேசியத் தமிழருக்கு, இடம் மாறாத இந்த நிலைபேறு சற்றுப் பொறாமையூட்டக்கூடும்.

கடல் கடக்க வசதியில்லாதவர்கள், இம்மரபின் கிளையொன்றை அருகிலேயே காணலாம். மலாயாவுக்கு வந்த தமிழ் லுத்தரன் மக்கள் 1924இல் எழுப்பிய சீயோன் ஆலயம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ளது. சிரம்பானிலிருந்து கொமியூட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து அதிக தூரமில்லை.