வீட்டை அசுத்தம் செய்யும் நாய்

நாய் இல்லாத லயத்தை நம் தோட்டங்களில் பார்த்திருக்க முடியாது. இன்று தோட்டத்தை விட்டுத் தைப்பிங் சுற்றுவட்டாரத் தாமான்களில் குடியேறியவர்களும் நாயை விட்டுவிடவில்லை. ஆனால் அங்கே வாசல் சிறியது. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு. நாய் வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்து, மலம் கழித்து அசுத்தம் செய்தால் வீட்டிலும் சண்டை, அண்டை வீட்டாரோடும் மனத்தாங்கல்.

என் சிறு வயதில் எங்கள் லயத்து வீட்டில் ஒரு குட்டி வளர்ந்தது. நான்கு மாதம் இருக்கும். அப்பாவும் அம்மாவும் இருட்டோடு பெரட்டுக்குப் போய்விடுவார்கள். நாங்கள் பள்ளிக்கூடம் போகும்போது கதவைப் பூட்டிவிடுவோம். மத்தியானம் வந்து பார்த்தால் அடுப்படி நனைந்திருக்கும். அம்மா அதன் மூக்கை அதிலேயே தேய்த்து, விளக்குமாற்றால் அடிப்பார். ஒரு நாள் அப்பா அதைக் கோணிச் சாக்கில் போட்டு, சைக்கிளில் கொண்டுபோய் வேறு டிவிஷனில் விட்டுவிட்டு வந்தார். அது திரும்பவில்லை. அந்தக் குட்டியின் மேல் குற்றமே இல்லை என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

நான்கு மாதக் குட்டியால் பகலில் நான்கு மணி நேரம் அடக்குவதே பெரிது. ஆறேழு மணி நேரம் பூட்டி வைத்தால் அது வேறு என்ன செய்யும்? பிறகு கொடுக்கும் அடியால் பயனில்லை. எப்போதோ செய்ததற்கு இப்போது அடி விழுகிறது என்று நாய்க்கு விளங்காது. உங்களைக் கண்டால் பயப்பட மட்டும் கற்றுக்கொள்ளும்; அப்புறம் கட்டிலுக்கடியில் ஒளிந்து போகும்.

அப்படியானால் என்ன செய்வது? குட்டி தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் உடனே வெளியே கொண்டுபோங்கள். தினமும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கே போனவுடன், அந்த நிமிடமே தட்டிக்கொடுத்து, ஒரு சிறு துண்டு தின்பண்டம் கொடுங்கள். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால் எதற்காகக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. சாப்பாட்டை நேரம் தவறாமல் வையுங்கள்; வயிறும் நேரத்துக்குப் பழகும். தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள். வேலைக்குப் போகிறவர்கள் குட்டியை வீட்டுக்குள் பூட்டாமல், நிழலும் தண்ணீரும் உள்ள அடைப்பில் விட்டு, ஒரு மூலையில் மணல் பரப்பி வைக்கலாம்.

அசுத்தம் செய்த இடத்தைச் சோப்பு நீரால் கழுவி, பிறகு தண்ணீர் கலந்த வினிகரால் துடையுங்கள். வாடை இருந்தால் நாய் அதே இடத்தைத் தேடி வரும். அமோனியா கலந்த மருந்து வேண்டாம். அதன் வாடை சிறுநீர் வாடையைப் போன்றது.

தைப்பிங்கில் நமக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. தீபகற்ப மலேசியாவில் அதிக மழை பெய்யும் ஊர் இது. ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர். மாலையில் மழை வருமா வராதா என்று இங்கே பந்தயம் கட்டுவார்களாம்! கொட்டும் மழையில் பல நாய்கள் வெளியே இறங்கா. இடிச் சத்தத்துக்கு நடுங்கி உள்ளேயே சிறுநீர் விடும் நாயும் உண்டு. கூரைச் சார்ப்புக்கு அடியிலோ, இரண்டு தகரத்தைச் சாய்த்துப் போட்டோ நனையாத இடம் ஒன்றை அதற்கு ஒதுக்குங்கள். வானம் கறுக்கும்போதே ஒரு முறை வெளியே அழைத்துப் போய்விடுங்கள்.

நன்றாகப் பழகிய பெரிய நாய் திடீரென்று வீட்டை நனைக்க ஆரம்பித்தால், அதைக் கெட்ட குணம் என்று நினைக்காதீர்கள். சிறுநீர்ப் பையில் கிருமியோ கல்லோ இருக்கலாம், நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு இருக்கலாம், முதுமையும் காரணமாகலாம். கருத்தடை செய்த பெட்டை நாய்க்குச் சில சமயம் தூக்கத்தில் சிறுநீர் கசியும். அதற்கு மருந்து இருக்கிறது. அதிகமாகத் தண்ணீர் குடித்தாலும், முக்கினாலும், சிறுநீரில் இரத்தம் கண்டாலும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அடிக்கடி முக்கியும் சிறுநீர் வராவிட்டால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

தாய்மார்களே, இது குழந்தைகளின் உடல்நலமும் சேர்ந்த விஷயம். நாயின் மலத்தில் வட்டப்புழுவின் முட்டை இருக்கலாம். அது மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்த பிறகே பிறருக்குத் தொற்றும். ஆகவே மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைத்துவிட்டால் பாதி ஆபத்து நீங்கிவிடும். கொக்கிப்புழு வெறுங்கால் வழியாக உடம்புக்குள் ஏறும். எலிக்காய்ச்சல் கண்ட நாயின் சிறுநீரிலும் அந்தக் கிருமி இருக்கும். குட்டிக்குப் பூச்சி மருந்தும் தடுப்பூசியும் போடுங்கள். பிள்ளைகளுக்குச் செருப்பு போடவும் கைகழுவவும் பழக்குங்கள்.

நாயைச் செம்பனைக் காட்டில் கொண்டுபோய் விடுவது தீர்வாகாது. 2015ஆம் ஆண்டு பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் கண்டபோது தெருநாய்கள் ஏராளமாகக் கொல்லப்பட்டன. நாம் கைவிடும் நாய்க்கும் அந்தக் கதிதான் காத்திருக்கிறது.

சில வாரம் பொறுமையாகப் பழக்கினால் போதும். ஆயுள் முழுக்க வாசலைக் காக்கப் போகிற பிராணிக்கு அந்தச் சில வாரத்தைக் கொடுக்கக் கூடாதா?