துளைக்கருவிகளைப் பேணுதல்



இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று நம் முன்னோர் பகுத்து வைத்தனர். இவற்றுள் துளைக்கருவிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. மத்தளத்திற்குக் கை போதும். வீணைக்கு விரல் போதும். குழலுக்கும் நாகசுரத்துக்கும் ஊதுவோனுடைய மூச்சு வேண்டும். அம்மூச்சு, உடலின் வெப்பமும் ஈரமும் கலந்த காற்று. அந்த ஈரமே கருவிக்கு உயிர் தருகிறது. கவனியாது விட்டால் அதுவே கருவியைக் கெடுக்கவும் செய்கிறது. துளைக்கருவியைப் பேணுதல் என்பது, சுருங்கச் சொன்னால், ஈரத்தை அளவறிந்து ஆளுதலேயாகும்.

நான் இசைவாணன் அல்லேன். தாம்பரத்தை அடுத்த பகுதிகளில் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என் மாணவருள் குழல் பயின்றோரும் இருந்தனர். மேளக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தனர். அவர்களிடமும் அவர்தம் பெரியோரிடமும் கேட்டும் கண்டும் அறிந்தவற்றையே இன்று சொல்லப் புகுகிறேன்.

மரத்தின் இயல்பைப் பழந்தமிழர் நன்கு அறிந்திருந்தனர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார், குழல் செய்தற்கு உரியனவாக மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்னும் ஐந்தினைக் கூறுகிறார். வெட்டிய மரத்தை உடனே துளையிடலாகாது. நிழலில் ஆறவிட்டு, அது முறுக்குதலும் பிளத்தலும் இல்லாமை கண்டு, ஓராண்டு சென்ற பின்னரே குழல் செய்தல் வேண்டும் என்பது அவர் காட்டும் முறை. மரம் தன் ஈரத்தை மெல்ல மெல்ல விட வேண்டும். வெயிலில் இட்டு விரைவுபடுத்தினால் வெடித்துவிடும். இந்த ஓர் உண்மையை மனத்திற் கொண்டால் பிற்பாடு நான் சொல்லப்போகும் யாவும் எளிதில் விளங்கும்.

நாகசுரத்துக்குப் பெயர் பெற்ற ஊர் தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டை. அவ்வூர்க் கருவிக்கு 2022-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. அங்குள்ள கைவினைஞர் ஆச்சா மரத்தில் கருவி கடைகின்றனர். புதிதாக வெட்டிய மரத்தை அவர்கள் விரும்புவதில்லை. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்திரங்களையும் தூண்களையும் தேடி வாங்குவர். பல்லாண்டு ஒரு கூரையைத் தாங்கி நின்று, ஈரமெல்லாம் வற்றி, இனித் திருகவோ விரியவோ இடமில்லாத மரமே அவர்களுக்கு வேண்டும். உரையாசிரியர் ஓராண்டு பொறுக்கச் சொன்னார். இவர்கள் இரண்டு மூன்று தலைமுறை பொறுத்த மரத்தைக் கொள்கின்றனர்.

முற்காலத்தில் திமிரி என்னும் குட்டையான, உச்சச் சுருதிக் கருவியே பெருவழக்காக இருந்தது. டி. என். இராசரத்தினம் பிள்ளை (1898–1956) தாழ்ந்த சுருதியும் நீண்ட உடலும் கொண்ட பாரி நாகசுரத்தைக் கையாண்டு அதற்குப் பெருமை தேடித் தந்தார். அவருக்காக அக்கருவியைச் செம்மைப்படுத்திக் கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. ஊதுவோனும் கடைவோனும் ஒருவர் தேவையை ஒருவர் உணர்ந்தமையால் விளைந்த நன்மை அது.

நாகசுரத்தின் உறுப்புகளை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். மரத்தாலான குழல் உலவு எனப்படும். கீழே விரிந்திருப்பது அணசு. மேலே பொருத்தும் சிறு உலோகக் குழாய் கெண்டை. அதன் மீது செருகுவது சீவாளி. உலவில் மொத்தம் 12 துளைகள். அவற்றுள் 7 துளைகளே விரல் வைத்து வாசித்தற்கு உரியவை. எஞ்சிய ஐந்தும் கீழ்ப்பகுதியில் திறந்து கிடப்பவை. வேண்டுமிடத்து மெழுகிட்டு அடைத்துச் சுருதியைச் சரி செய்ய அவை உதவுகின்றன.

இவற்றுள் மிகச் சிறியதும் மிக மென்மையானதும் சீவாளியே. ஆயினும் நாதம் பிறப்பது அதில்தான். ஆற்றங்கரையில் விளையும் நாணல் வகைத் தட்டையை அறுத்து, உலர்த்தி, அவித்து, பதப்படுத்தி, அழுத்தித் தட்டையாக்கி, நூலால் இறுகக் கட்டிச் சீவாளி செய்கின்றனர். நரசிங்கம்பேட்டைக்கு அண்மையிலுள்ள திருவாவடுதுறை இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. மேனாட்டு ஓபோ என்னும் கருவியும் இவ்வாறே இரட்டை நாக்கு உடையது; அதனை வாசிப்போருள் பலர் தம் நாக்கைத் தாமே சீவிக் கொள்கின்றனர். எந்த நாட்டிலும் இந்த நாணல் துண்டு ஊதுவோனின் பொறுமையைச் சோதிப்பதாகவே இருக்கிறது.

உலர்ந்த சீவாளி பேசாது. வாயில் வைத்து நனைத்து, அதன் இரு இதழ்களும் நெகிழ்ந்த பின்னரே ஊத வேண்டும். மிகுதியாக ஊறிவிட்டாலோ இதழ்கள் தளர்ந்து நாதம் கம்மும். ஆகவேதான் வித்துவான் ஒரு சீவாளியை நம்பிப் புறப்படுவதில்லை. அவருடைய கருவியில் கயிறு கட்டிப் பல சீவாளிகளும் ஒரு சிறு ஊசியும் தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். அழகுக்காகத் தொங்குகின்றன என்று எண்ணும் சிறுவர் உண்டு, பெரியோரும் உண்டு. சீவாளியில் தங்கும் எச்சிலையும் அழுக்கையும் நீக்கி, வாய் ஒட்டிக் கொள்ளாது திறந்து வைப்பதற்கே அவ்வூசி.

இனி நம் பகுதிக்கு வருவோம். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகிய ஊர்களுக்குக் கடல் நெடுந்தொலைவில் இல்லை, ஏரிகளும் பல. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்நாட்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் ஊதி முடித்த கருவி எளிதில் உலர்வதில்லை. ஈரத்தோடு உறையில் இட்டு மூடினால் இரண்டொரு நாளில் பூஞ்சணம் பூக்கும். மே மாதத்து வெயிலோ இதற்கு நேர்மாறானது. வண்டிக்குள் விட்டுச் சென்ற மூங்கிற்குழல் ஒரு பிற்பகலில் நெடுக வெடித்துவிடும். உள்ளே மூச்சின் ஈரம், வெளியே வறண்ட வெப்பம். உட்புறம் விரிய, வெளிப்புறம் சுருங்க, நடுவே மரம் பிளக்கிறது.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராசபுரம் பக்கத்து வீடுகள் நீரில் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய காலத்தில் கருவி நனைந்துவிட்டால், பதற்றத்தில் அதனை வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தல் ஆகாது. சீவாளியையும் கெண்டையையும் கழற்றி, சேற்றை நன்னீரால் விரைந்து கழுவி, துணியால் ஒற்றி எடுத்து, காற்றோட்டமுள்ள நிழலில் பல நாள் கிடத்தி வைக்க வேண்டும். அடியார்க்கு நல்லார் புதுமரத்துக்குச் சொன்னது நனைந்த மரத்துக்கும் பொருந்தும்.

நாள்தோறும் செய்ய வேண்டியது மிகுதியன்று. ஊதுமுன் வாயைக் கொப்பளித்துக் கொள்க. உணவுத் துணுக்கும் இனிப்பும் சீவாளிக்குப் பகை. ஊதி முடித்ததும் சீவாளியைக் கழற்றி, ஈரம் துடைத்து, சற்றே காற்றாட விட்டுப் பின்னர்ச் சிமிழில் இடுக. மெல்லிய பருத்தித் துணியை நூலில் கட்டியோ குச்சியில் சுற்றியோ உலவின் உள்ளே ஒருமுறை செலுத்தித் துடைத்திடுக. குழலுக்கும் இதுவே முறை. அவ்வப்போது சிறிதளவு எண்ணெயை உட்புறம் தடவுதல் மூங்கிலை வறட்சியினின்று காக்கும். எந்த எண்ணெய், எவ்வளவு என்பதை ஆசிரியரிடம் கேட்டறிக. மூங்கிலில் மயிரிழை போன்ற வெடிப்புக் கண்டால், அது நீளுமுன் நூலால் இறுகச் சுற்றிக் கட்டுவர். ஒருவர் ஊதும் சீவாளியை மற்றவர் வாயில் வையாதிருத்தல் உடல்நலத்துக்கு நல்லது.

திருமண மண்டபங்களைப் பற்றியும் ஒரு சொல். இப்போது நம் பகுதி மண்டபங்கள் பெரும்பாலும் குளிரூட்டப் பெற்றவை. குளிர்ந்த காற்று நேரே வீசும் இடத்தில் மேளக்காரரை அமர்த்துகிறோம். ஒலியின் வேகம், வெப்பம் ஒரு டிகிரி மாறினால் விநாடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் மாறும். கருவிக்குள் உள்ள காற்றுத் தண்ணென்றிருந்தால் சுருதி இறங்கும். ஊத ஊத மூச்சால் வெம்மை ஏறும்போது சுருதியும் ஏறும். சுருதிப் பெட்டியோ இறங்குவதும் இல்லை, ஏறுவதும் இல்லை. அக்குளிர்காற்று சீவாளியையும் உலர்த்திவிடுகிறது. அரைமணி நேரம் வாளாவிருக்கச் செய்து, திடீரென்று கையசைத்துக் “கெட்டி மேளம்” என்றால், நல்ல வித்துவானும் முதல் ஊதலில் தடுமாற நேரும். காற்று நேரே படாத இடமும், முகூர்த்தத்துக்கு முன் கால்மணி நேரம் ஒரு இராகத்தை நிறுத்தி வாசிக்கும் வாய்ப்பும், பருக வெந்நீரும் அளித்தால் போதும். பொருட்செலவு சிறிதும் இல்லை. கேட்கும் நமக்கே பயன்.

பயிற்சியைப் பற்றிச் சில சொல்வேன். புதிதாகக் கற்போர் விரலோட்டத்தில் ஆசை வைப்பர். ஆசிரியரோ ஒரே சுரத்தை நீட்டி ஊதச் சொல்வார். மூச்சு அசையாது நிற்கப் பழகிய பின்னரே விரலுக்கு வேலை. முன்னாளில் சிறுவர்கள் ஒத்து ஊதி இதனைக் கற்றனர். கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சை இழுத்துக் கொண்டே, ஒலி அறாமல் ஆதார சுருதியை மணிக்கணக்கில் ஊதுவது எளிய செயலா? அப்பணியைச் சுருதிப் பெட்டி ஏற்றுக் கொண்டபோது, ஒரு பயிற்சிக் கூடமும் உடன் மறைந்தது. துத்துக்காரம் முதலிய நாக்கின் தொழில்களும், துளையைப் பாதி மூடிக் கமகம் எழுப்பும் நுட்பமும் நீண்ட மூச்சின் மேல் எழுப்பப்படும் மாடங்களே.

இதைவிடப் பெரிய இடர்ப்பாடு ஒன்று இப்பகுதியில் உண்டு. 1931-ஆம் ஆண்டில் மின்சார ரயில் வந்தபோது தாம்பரத்தைச் சூழ வயலும் ஏரியும் வெற்றிடமுமாய் இருந்தன. 2021-இல் அது மாநகராட்சி ஆயிற்று. வயல்கள் இருந்த இடத்தில் அடுக்கு வீடுகள். நாகசுரமோ கோபுர வாயிலிலும் தேர்வீதியிலும் ஊதுவதற்கென்று அமைந்த கருவி. அதன் முழக்கத்தை இரண்டாம் மாடியிலுள்ள ஓர் அறையில் அடக்க முடியுமா? என் பழைய மாணவர் ஒருவர், தலைமுறையாக மேளத் தொழில் செய்யும் குடும்பத்தவர், தம் மகன் வீட்டில் ஊதக் கூடாது என்று அக்கம்பக்கத்தார் சொல்லிவிட்டதாக வருந்தினார். அவர்கள் கொடியவர் அல்லர். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் நோயுற்ற முதியோரும் உள்ள வீடுகள் அவை. சிறுவன் விடியலில் ஏரிக்கரைக்குச் சென்று ஊதி வந்தான். மழைக்காலம் வந்தது, அதுவும் நின்றது. மூன்று மாதம் உறையிலே கிடந்த கருவியை எடுத்துப் பார்த்தபோது சீவாளிகள் எல்லாம் பூத்துப்போயிருந்தன. சீவாளிக்கு மாற்றுச் சீவாளி வாங்கலாம். அச்சிறுவனின் உதட்டில் படிந்திருந்த பழக்கம் கலைந்து போயிற்றே, அதற்கு மாற்று எங்கே வாங்குவது?

பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை, நாங்கள் கேட்டுக் கொண்டதற்கு இணங்கி, மாலை ஐந்து மணிக்கு மேல் மைதானத்தின் கோடியிலுள்ள ஒரு வகுப்பறையைத் திறந்து விட்டார். அவன் மீண்டும் ஒற்றைச் சுரத்திலிருந்து தொடங்கினான். இப்போது அவனோடு குழல் பயிலும் சிறுமியர் இருவரும் அங்கு வருகின்றனர். அவன் இத்தொழிலிலேயே நிலைப்பானா என்பதை நான் அறியேன். அவன் தந்தையும் அறியார். ஆயினும் ஊத இடமில்லாமையால் விட்டான் என்னும் பழி நம்மேல் வாராது.

மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் நாகசுரமும் தவிலும் கற்பிக்கின்றனர், ஆசிரியர்கள் இருக்கின்றனர். கற்றதை நாள்தோறும் ஊதிப் பார்க்க இடம் தர வேண்டியவர்கள் நாம். மாடம்பாக்கத்திலும் திருநீர்மலையிலும் உள்ள பழைய கோயில்களைப் போன்றவற்றின் மண்டபங்களில் நாகசுரம் ஒலிப்பதைக் கேட்டவர்க்கு, சிறு கோயில்களில் மின்விசையால் தானே முழங்கும் முரசும் மணியும் எவ்வளவு வறியன என்பது புலப்படும். அவ்வியந்திரத்துக்கு மூச்சும் வேண்டாம், துடைப்பாரும் வேண்டாம். அதனாலேயே அது யாரையும் உருவாக்குவதும் இல்லை.

ஊதாமல் பூட்டி வைத்த குழல் ஊதித் துடைத்த குழலைவிட விரைவில் கெடும் என்பது கருவி கடைவோர் பலரும் ஒப்பும் செய்தி. ஆகவே உங்கள் வீட்டில் தாத்தாவின் நாகசுரமோ தந்தையின் குழலோ உறைக்குள் கிடந்தால், இம்மழைக்காலம் தொடங்குமுன் எடுத்து நிழலில் காற்றாட வையுங்கள். ஊதத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பொறுப்பில் ஒரு பள்ளியோ, மண்டபமோ, சங்கத்துக் கட்டடமோ இருந்தால், மாலையில் ஒருமணி நேரம் அதன் கதவைத் திறந்து வையுங்கள்.